‘நலம், நலமறிய ஆவல்’: இலங்கைப் போர்முனையிலிருந்து வீட்டுக்கு வந்த கடிதங்கள்... சொன்னதும் சொல்லாததும் என்ன?

1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய ராணுவ வீரர்களுக்கும் ஊரில் இருந்த குடும்பங்களுக்கும் நடுவில் இருந்த பாலம் ஒன்றே ஒன்றுதான்: கடிதம். செல்போன் கிடையாது. வீடியோ காலை யாரும் கனவில்கூட நினைத்ததில்லை. அந்தக் கடிதங்கள் எந்த வழியாக வந்தன? அதில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது? இன்றைக்கு அவை எங்கே இருக்கின்றன? விரிவாகப் பார்க்கலாம்.

நெய்வேலிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நெய்வேலி என்றதும் நிலக்கரிச் சுரங்கமும் அனல் மின் நிலையமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த டவுன்ஷிப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனங்களில் முன்னாள் படைவீரர்களுக்கு வேலையில் இட ஒதுக்கீடு இருக்கிறது. ‘சி’ பிரிவுப் பணிகளில் 14.5 சதவீதம், ‘டி’ பிரிவில் 24.5 சதவீதம். போரில் உயிரிழந்த வீரர்களின் குடும்பத்தாரும் இதில் அடக்கம். ராணுவத்தில் பதினைந்து, இருபது வருடம் இருந்துவிட்டு இரண்டாவது வேலைக்கு இப்படிப்பட்ட ஊர்களுக்கு வந்தவர்கள் நிறைய பேர்.

இப்போது சிக்கல் என்னவென்றால், டவுன்ஷிப் வீடு சொந்த வீடு இல்லை. ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அப்போதுதான் பரணில் கிடக்கும் ட்ரங்குப் பெட்டி கீழே இறங்கும். உள்ளே பழைய பட்டாளத்து உடை, ஒன்றிரண்டு மெடல், அடியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஒரு கத்தைக் கடிதம். ‘இதையெல்லாம் எங்கே தூக்கிட்டுப் போறது?’ என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டால், அதோடு முடிந்தது. அந்தப் போரைப் பற்றிச் சாதாரண மனிதர்கள் எழுதிய சாட்சியம் எடைக்குப் போய்விடும்.

இந்திய ராணுவம் எப்போது இலங்கைக்குப் போனது?

இலங்கையின் உள்நாட்டுப் போர் 1983 ஜூலைக் கலவரத்தோடு தீவிரமானது. 1987 ஜூலை 29 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே இந்திய அமைதி காக்கும் படை, அதாவது ஐ.பி.கே.எஃப்., யாழ்ப்பாணத்துக்குப் போய் இறங்கத் தொடங்கியது.

‘அமைதி காக்க’ என்று போன படை, அக்டோபரிலேயே விடுதலைப் புலிகளோடு நேரடிச் சண்டையில் இறங்கியது. ‘ஆபரேஷன் பவன்’ என்பது அதன் பெயர். 1990 மார்ச் 24 அன்று கடைசிப் படைப்பிரிவும் திரும்பியபோது, 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று நடந்த சண்டையில் உயிரிழந்தார். இந்தப் படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர் மட்டுமே.

‘56 ஏ.பி.ஓ.’ என்றால் என்ன?

ராணுவத்தில் ஆள் இருக்கும் வீட்டில் இந்த முகவரி எல்லோருக்கும் மனப்பாடம். எண், பதவி, பெயர், படைப்பிரிவு... கடைசியில் ‘மேற்பார்வை 56 ஏ.பி.ஓ.’ அல்லது ‘99 ஏ.பி.ஓ.’. ஊர் பெயரே இருக்காது. காஷ்மீரா, ராஜஸ்தானா? முகவரியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. காரணம் பாதுகாப்புதான். எந்தப் படைப்பிரிவு எந்த இடத்தில் இருக்கிறது என்பது கடித உறையில் இருந்து வெளியே தெரிந்துவிடக் கூடாது.

இது வேலை செய்யும் விதம் இப்படி:

* ஊரில் தபால் பெட்டியில் போடும் கடிதம் முதலில் சாதாரண அஞ்சல் துறை வழியாகவே போகும்.
* அது டெல்லி அல்லது கொல்கத்தாவில் உள்ள ராணுவத்தின் மத்திய தள அஞ்சலகத்துக்குப் போய்ச் சேரும்.
* எந்தப் படைப்பிரிவு இப்போது எங்கே இருக்கிறது என்ற விவரம் ராணுவ அஞ்சல் பிரிவுக்குத் தெரியும். அதன்படி பிரித்து, அந்தந்தக் கள அஞ்சலகத்துக்கு அனுப்புவார்கள்.
* அங்கிருந்து படைப்பிரிவின் ஆள் வந்து மூட்டையை வாங்கிப் போவார்.

திரும்பி வரும் கடிதமும் இதே வழிதான். அதன் முத்திரையில் ஊர் பெயருக்குப் பதிலாகக் கள அஞ்சலகத்தின் எண் மட்டும் இருக்கும். உங்கள் வீட்டில் இருக்கும் பழைய கடிதத்தில் ஊர் இல்லாமல் வெறும் எண் மட்டும் குத்தியிருந்தால், அது பிழையில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். இன்றைக்கும் பின்கோடு 9 என்ற எண்ணில் தொடங்கினால் அது ராணுவ அஞ்சலுக்கானது.

ராணுவத்துக்குத் தனி அஞ்சலகம் என்பது 1856இல் பாரசீகத்துக்குப் போன படையோடு தொடங்கிய வழக்கம். ராணுவ அஞ்சல் சேவை தனிப் பிரிவாக ஆனது 1972 மார்ச் 1 அன்று.

எதை எழுதக் கூடாது?

இருக்கும் இடம், அடுத்து போகும் இடம், எத்தனை பேர், என்ன ஆயுதம், யாருக்கு அடிபட்டது. இதெல்லாம் எழுதக் கூடாது என்பது எந்த ராணுவத்திலும் உள்ள பொது விதி. உலகப் போர்களின்போது கடிதங்களைப் பிரித்துப் படிக்கவே தனி அலுவலகம் இருந்தது. முதல் உலகப் போரில் பிரான்ஸ் போர்முனையில் இருந்த இந்திய வீரர்களின் கடிதங்களைப் பொலோன் நகரில் அமைத்த தணிக்கை அலுவலகம் படித்தது, மொழிபெயர்த்தது, மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியது.

வீரர்கள் சும்மா இருப்பார்களா? ரகசிய மொழியைக் கண்டுபிடித்தார்கள். கருமிளகு என்றால் இந்திய வீரர்கள், சிவப்பு மிளகு என்றால் வெள்ளைக்கார வீரர்கள். கருமிளகு தீர்ந்துகொண்டே வருகிறது என்று ஒருவர் எழுதினால், ஊரில் இருப்பவர்களுக்குப் புரிந்துவிடும்: நம்ம ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், இங்கே வந்து சேராதீர்கள்! இந்தச் சங்கேதத்தைத் தணிக்கை அதிகாரிகளும் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்கள் மொழிபெயர்த்து அறிக்கையில் சேர்த்ததால்தான் அந்த வரிகள் இன்றைக்கும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தடுக்க நினைத்தவர்களே காப்பாற்றி வைத்த கதை இது.

அப்போ என்னதான் எழுதினாங்க?

போர்முனைக் கடிதம் என்றால் குண்டு மழையும் வீர வசனமும் இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். எந்த நாட்டு வீரரின் கடிதமாக இருந்தாலும் முக்கால்வாசி வீட்டு விஷயம்தான். மணி ஆர்டர் வந்து சேர்ந்ததா, அம்மாவின் மருந்துக்குப் பணம் போதுமா, பையன் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகிறானா, மழை பெய்ததா, லீவு எப்போது கிடைக்கும்.

‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கும் நம்ம ஊர்க் கடித வழக்கம் இதற்கு ரொம்பவே வசதியாக இருந்தது. உண்மையில் நலமாக இல்லாவிட்டாலும் அந்த முதல் வரி மாறாது. அதனால் இந்தக் கடிதங்களைப் படிக்கிறவர்கள் எழுதியிருப்பதோடு, எழுதாமல் விட்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டு கடிதத்துக்கு நடுவில் விழுந்த இடைவெளி, வழக்கத்துக்கு மாறாகக் கோணிய கையெழுத்து, திடீரென்று ‘குழந்தைகளைப் பார்த்துக்கொள்’ என்று முடியும் ஒரு வரி. வீட்டில் இருந்த பெண்கள் இதையெல்லாம் அப்போதே கவனித்திருப்பார்கள். சென்சார் அதிகாரியைவிடக் கூர்மையான வாசகர்கள் அவர்கள்தானே!

இன்னொன்று, கடிதம் என்பது எப்போதுமே பழைய செய்தி. ‘நலம்’ என்று எழுதியவர், அது வந்து சேரும் நாளில் நலமாக இருக்கிறாரா என்பது யாருக்கும் தெரியாது. அதனால்தான் போஸ்ட்மேன் வந்தால் மகிழ்ச்சி, தந்திக்காரர் வந்தால் நடுக்கம். தந்தி முந்திக்கொள்ளும். இறந்தவர் முன்பே எழுதிப் போட்ட கடிதம் பின்னால் வரும். இந்தியாவில் தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது. அந்தப் பயம் மட்டும் அந்தத் தலைமுறைக்கு நிற்கவில்லை.

தமிழ்நாட்டு வீரர்களுக்கு மட்டும் கூடுதல் சுமை ஏன்?

மற்ற மாநில வீரர்களுக்கு அது வெளிநாடு. தமிழ்நாட்டு வீரருக்கு, எதிரில் நிற்பவர் பேசுவதும் தாய்மொழிதான். தமிழ் தெரிந்த வீரர்களே படைக்கும் மக்களுக்கும் நடுவில் மொழிபெயர்த்துச் சொல்லவும் வேண்டியிருந்தது.

1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். தமிழ்நாட்டு வீடுகளில் போர்முனையில் இருந்து ஒரு கடிதமாவது வராதா என்று காத்திருந்த அதே நாளில், யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் இந்திய ராணுவம் நுழைந்தது. நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸ்கள், ஊழியர்கள் எனப் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். யாழ்ப்பாண மக்கள் ஆண்டுதோறும் அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். வீரர்களின் கடிதங்களைப் படிக்கும்போது இதையும் மறக்கக் கூடாது. ஒரு கடிதம் ஒரு மனிதரின் பார்வையைத்தான் சொல்லும். முழுப் போரையும் சொல்லாது.

1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது, அப்போதைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத் தமிழர்கள் கொல்லப்பட்டதில் தமிழ்நாட்டில் இருந்த கோபம் அப்படி. இந்தச் சூழலில் ‘என் வீட்டுக்காரர் அங்கேதான் இருந்தார்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள எத்தனை குடும்பங்களால் முடிந்திருக்கும்? கடிதங்கள் பெட்டியின் அடியிலேயே தங்கிவிட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-65) இதற்குப் பெரிய உதாரணம். வடக்குப் படை வீரர்கள் தபால் தலை இல்லாமலே கடிதம் போடலாம். கட்டணத்தை வாங்குகிறவர் கட்டினால் போதும். ராணுவம் அந்தக் கடிதங்களைப் பிரித்துப் படிக்கவில்லை என்பதால் வீரர்கள் மனம்விட்டு எழுதினார்கள். வரலாற்று அறிஞர் ஜேம்ஸ் மெக்பெர்சன் சுமார் 25 ஆயிரம் கடிதங்களைப் படித்துத்தான், அவர்கள் ஏன் போரிட்டார்கள் என்று 1997இல் ஒரு புத்தகமே எழுதினார். வீட்டில் யாரோ பத்திரமாக வைத்திருந்ததால் மட்டுமே இது சாத்தியமானது.

சல்லிவன் பல்லு என்ற அதிகாரி 1861 ஜூலை 14 அன்று மனைவிக்கு எழுதிய கடிதம் மிகவும் பிரபலம். சில நாட்களிலேயே புல் ரன் சண்டையில் படுகாயமடைந்து இறந்தார். அந்தக் கடிதத்தை அவர் தபாலில் போடவே இல்லை. அவருடைய பெட்டியில் கிடைத்தது.

எதிரெதிர்ப் பக்கத்தில் குடும்பம் பிரிந்திருந்தால்?

உள்நாட்டுப் போரின் கொடுமையே இதுதான். அமெரிக்காவில் வடக்குக்கும் தெற்குக்கும் தபால் நின்றபோது, வெள்ளைக்கொடியோடு கடிதம் மாற்றிக்கொண்டார்கள். ஒரே பக்கம், உறையை ஒட்டக் கூடாது, குடும்பச் செய்தி மட்டும்.

இன்றைக்கு செஞ்சிலுவைச் சங்கச் செய்தித் தாளுக்கும் ஏறக்குறைய இதே விதிதான். இலங்கைப் போரில் பாதை அடைபட்டபோதும் கைதாகி இருந்தபோதும் பல குடும்பங்களுக்குக் கிடைத்தது இந்தத் திறந்த தாள் மட்டுமே. உள்நாட்டுப் போரில் கைதானவர் கடிதம் எழுதவும் பெறவும் அனுமதிக்க வேண்டும் என்று 1977இன் ஜெனீவா இரண்டாம் கூடுதல் நெறிமுறை சொல்கிறது. இந்தியாவும் இலங்கையும் அதில் சேரவில்லை.

உங்க வீட்டில் இப்படிக் கடிதம் இருந்தால் என்ன செய்யணும்?

* லேமினேஷன் செய்யாதீங்க. பிறகு பிரிக்கவே முடியாது.
* செல்லோ டேப், குண்டூசி, ஸ்டேப்ளர் வேண்டாம். பசையும் துருவும் காகிதத்தைத் தின்றுவிடும்.
* தபால் தலையை மட்டும் வெட்டி எடுக்காதீங்க. முத்திரை, எண், தேதி எல்லாம் உறையில்தான் இருக்கு.
* இரண்டு பக்கமும் செல்போனில் தெளிவாகப் படம் எடுத்து வையுங்க.
* எழுதியவரோ வாங்கியவரோ இருந்தால், கூடவே உட்கார்ந்து படித்து, அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்க. கடிதத்தைவிட அது சீக்கிரம் காணாமல் போகும்.
* வாட்ஸ்அப், ஃபேஸ்புக்கில் போடும் முன் அனுமதி கேளுங்க. அது கணவன் மனைவிக்கு எழுதியது. ராணுவ எண், மற்றவர்களின் பெயர் போன்றவற்றை மறைத்துவிடுங்க.
* வைத்துக்கொள்ள வழியில்லை என்றால், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவணக் காப்பகங்களில் கேட்டுப் பாருங்க.

டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில், இலங்கையில் உயிரிழந்த வீரர்களின் பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கல்லில் பெயர் மட்டும்தான் இருக்கும். மருந்துக்குப் பணம் அனுப்பியதும், மழை பெய்ததா என்று கேட்டதும் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. அடுத்த முறை பரணைச் சுத்தம் செய்யும்போது, பெட்டியின் அடியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.