பந்தை யார் கையில் கொடுப்பது?

கூடைப்பந்து ஆட்டம் முடிந்ததும் ரசிகர்களின் ஆட்டம் தொடங்குகிறது. கடைசி ஐந்து நிமிடத்தில் அந்த கார்டு ஏன் மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தார்? உயரமானவரை உட்கார வைத்துவிட்டு குட்டையானவரை ஏன் இறக்கினார்கள்? முன்னிலை கரைந்துகொண்டிருந்தபோது டைம்-அவுட் கேட்காமல் பயிற்சியாளர் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்? டர்னோவர், லைன்-அப், கோச்சிங். அமெரிக்காவில் முடிதிருத்தும் கடையிலிருந்து மதுக்கடை வரை இந்த மூன்றையும் சுற்றித்தான் சண்டை நடக்கும்.

விளையாட்டுப் பேச்சுதானே என்று நாம் கடந்துபோய்விடலாம். ஆனால் அந்தப் பேச்சில் வந்து விழும் சொற்களைக் கவனியுங்கள். 'நிதானம் போதாது', 'ஒழுங்கு இல்லை', 'உடம்பு இருக்கிறது, யோசனை இல்லை', 'இவர்களுக்கு வேகம் பிறவியிலேயே வந்தது'. தகுதி, திறமை என்ற சொற்களை இடஒதுக்கீட்டு விவாதங்களில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன நமக்கு இவற்றின் வாடை தெரியாமல் போகாது.

முதலில் ஒரு சின்ன விவரம். ஒரு வீரர் எத்தனை முறை பந்தை எதிரணியிடம் இழந்தார் என்று என்.பி.ஏ. கணக்கு வைக்கத் தொடங்கியதே 1977-78 பருவத்தில்தான். பந்தைத் தட்டிப் பறித்தவரின் கணக்குக்கூட 1973-74-இல்தான் வந்தது. அதற்கு முன்பு யார் பொறுப்பாக ஆடுகிறார், யார் பந்தை வீணடிக்கிறார் என்பதையெல்லாம் பயிற்சியாளரின் கண்தான் முடிவு செய்தது. அந்தக் கண் யாருடையது என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

ஜான் மெக்லெண்டன் 1930-களில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்தார். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித்தே அங்கே அவருக்கு ஆசிரியர். ஆனால் கறுப்பினத்தவர் என்பதால் பல்கலைக்கழக அணியில் ஆட அவருக்கு இடமில்லை. கண்டுபிடித்தவரிடம் பாடம் கேட்கலாம், களத்தில் இறங்கக் கூடாது! அந்த மெக்லெண்டன்தான் பின்னாளில் பந்து கைக்கு வந்த நொடியே எதிர்க்கூடையை நோக்கிப் பாயும் வேக ஆட்டத்தையும், களம் முழுக்க எதிரணியை நெருக்கும் தடுப்பாட்டத்தையும் ஒரு முறையாக வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர்.

1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. வட கரோலினாவின் டர்ஹாம் நகரம் தேவாலயத்தில் இருந்த நேரம். மெக்லெண்டனின் கறுப்பினக் கல்லூரி அணியோடு ஆட டியூக் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் வெள்ளை மாணவர்கள் இரகசியமாக வந்தார்கள். இரு நிறத்தவரும் சேர்ந்து ஆடக் கூடாத ஊர் அது. அரங்கக் கதவைப் பூட்டிக்கொண்டு ஆடினார்கள். முடிவு 88-44. அதன்பிறகு இரு அணியையும் கலந்து இன்னொரு ஆட்டமும் ஆடினார்கள் என்பதுதான் நமக்கு அதைவிடப் பிடித்த செய்தி. இந்தக் கதை பரவலாக வெளியே வர 1996 ஆனது.

1950-இல் ஏர்ல் லாயிட், சக் கூப்பர், நாட் கிளிஃப்டன் ஆகியோர் என்.பி.ஏ.வுக்குள் நுழைந்தார்கள். கதவு திறந்தது. ஆனால் எத்தனை பேர் ஒரே நேரத்தில் உள்ளே நிற்கலாம் என்பதற்கு எழுதாத கணக்கு ஒன்று இருந்தது. சொந்த ஊரில் இரண்டு, வெளியூரில் மூன்று, தோற்றுக்கொண்டிருந்தால் நான்கு என்று அந்தக் கணக்கைப் பயிற்சியாளர்கள் நகைச்சுவையாகவே சொல்வார்கள். இதுதான் அன்றைய லைன்-அப் விவாதம். பாஸ்டன் செல்டிக்ஸ் அணி 1964 டிசம்பர் 26-இல் முதன்முறையாக ஐந்து கறுப்பின வீரர்களோடு ஆட்டத்தைத் தொடங்கியதுகூட, டாம் ஹெய்ன்ஸோன் காயப்பட்டிருந்ததால் அவர் இடத்தில் வில்லி நால்ஸ் இறங்கியதால்தான்.

இனி 1966-க்கு வருவோம். மார்ச் 19, மேரிலாந்தின் கோல் ஃபீல்ட் ஹவுஸ், கல்லூரிகளுக்கான தேசிய இறுதிப் போட்டி. ஒருபக்கம் அடால்ஃப் ரப் பயிற்றுவித்த கென்டக்கி, முழுக்க வெள்ளை அணி. மறுபக்கம் எல் பாசோ நகரத்தின் டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரி. பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸும் வெள்ளையர்தான். தொடக்க ஐவராக அவர் இறக்கியது பாபி ஜோ ஹில், ஆர்ஸ்டன் ஆர்டிஸ், வில்லி வோர்ஸ்லி, டேவிட் லாட்டின், ஹாரி ஃப்ளர்னாய். ஐவரும் கறுப்பினத்தவர். மாற்று ஆட்களாக வந்த நெவில் ஷெட்டும் வில்லி கேகரும் அப்படியே.

இந்த ஆட்டத்தை 'நிறத்தை வென்ற நாள்' என்று மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். நாம் ரசிகர்களைப் போலவே அதைப் பிரித்துப் பார்ப்போம்.

லைன்-அப்: கென்டக்கி உயரம் குறைந்த, வேகமான அணி. அதைப் பார்த்த ஹாஸ்கின்ஸ், 6 அடி 8 அங்குலமுள்ள ஷெட்டை வெளியே வைத்துவிட்டு 5 அடி 6 அங்குலமுள்ள வோர்ஸ்லியைத் தொடக்கத்திலேயே இறக்கினார். மூன்று கார்டுகள். இன்றைக்கு எந்த ரசிகரும் நள்ளிரவு வரை விவாதிக்கத்தக்க முடிவு இது. ஆனால் ஐந்து பேரின் தோல் நிறம் மட்டுமே பேசப்பட்டதால், இந்தத் தந்திரம் பல காலம் பின்னுக்குப் போய்விட்டது.

டர்னோவர்: முதல் பாதியில் சில நொடி இடைவெளியில் பாபி ஜோ ஹில் இரண்டு முறை கென்டக்கி கார்டுகளின் கையிலிருந்தே பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடிக் கூடையில் போட்டார். அதன்பிறகு கென்டக்கி முன்னிலைக்கு வரவேயில்லை. வெள்ளை வீரர் ஒருவர் கூட இல்லாத அணி நெருக்கடியில் நிலைகுலைந்துபோகும், நிதானப்படுத்த ஆள் வேண்டும் என்று நம்பிய காலம் அது. அந்த இரவில் பந்தை நழுவவிட்டவர்கள் யார் என்பதை ஆட்டமே காட்டியது.

பொறுமை: 72-65 என்ற முடிவுக்குப் பின்னால் இருக்கும் எண்களைப் பாருங்கள். கென்டக்கி 70 முறை எறிந்து 27 கூடை போட்டது. டெக்சாஸ் வெஸ்டர்ன் 49 முறை மட்டுமே எறிந்து 22. வித்தியாசம் ஃப்ரீ த்ரோவில்: கென்டக்கி 13-க்கு 11, டெக்சாஸ் வெஸ்டர்ன் 34-க்கு 28. கண்டபடி எறியாமல், தடுப்பை நோக்கி உள்ளே புகுந்து, எதிரணியைத் தவறு செய்யவைத்து, கோட்டில் நின்று அமைதியாகப் போட்ட 28 புள்ளிகள். ஒழுங்கு இல்லாதவர்கள் என்று சொல்லப்பட்டவர்களின் ஆட்டம் இது.

அடுத்த ஆண்டே கல்லூரி ஆட்டங்களில் டங்க் தடை செய்யப்பட்டது. கூடை வளையத்துக்கு மேலே எழும்பிப் பந்தை உள்ளே திணிக்கும் அந்த ஆட்டத்தில் கறுப்பின வீரர்கள் கைதேர்ந்தவர்கள். தடை தங்களைக் குறிவைத்தது என்று லூ அல்சிண்டர் (பின்னாளைய கரீம் அப்துல்-ஜப்பார்) வெளிப்படையாகவே சொன்னார். 1976-77 வரை அது நீங்கவில்லை.

வென்ற கல்லூரி திருந்திவிட்டதா? 1968-இல் அதே கல்லூரி, அப்போது எல் பாசோவிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியிருந்தது. அதன் கறுப்பினத் தடகள வீரர்கள், மார்மன் சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தோடு போட்டியிட மறுத்தார்கள். அந்தச் சபை கறுப்பினத்தவரை அன்று குருத்துவத்தில் சேர்ப்பதில்லை. மறுத்தவர்கள் அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் பாப் பீமன். சில மாதங்களில் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 8.90 மீட்டர் தாண்டிய அதே பீமன். அதே 1968-இல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழில் ஜேக் ஓல்சன் எழுதிய தொடர், இந்தக் கல்லூரியில் கறுப்பின விளையாட்டு வீரர்கள் எப்படிப் பயன்படுத்தப்பட்டார்கள் என்பதைப் போட்டு உடைத்தது.

2006-இல் வந்த 'குளோரி ரோடு' படமோ வேறு கதை சொல்கிறது. ஹாஸ்கின்ஸ் புதிதாக வந்து, கறுப்பின வீரர்களைத் தேடிப் பிடித்து, முதல் பருவத்திலேயே கோப்பையை வெல்கிறார். உண்மையில் அவர் வந்தது 1961-இல். அந்தக் கல்லூரியின் முதல் கறுப்பினக் கூடைப்பந்து வீரர் 1956-இலேயே ஆடிவிட்டார். மீட்பர் ஒருவர் வந்தால்தான் ஒடுக்கப்பட்டவர்களின் கதை திரைக்கதை ஆகும்போல.

சமூகவியல் வகுப்பில் நாம் படித்த ஒரு சொல் உண்டு: ஸ்டாக்கிங். 1970-இல் ஜான் லாய், ஜோசப் மெக்எல்வோக் என்ற இருவர், பேஸ்பாலிலும் அமெரிக்கக் கால்பந்திலும் யார் எந்த இடத்தில் ஆடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். முடிவெடுக்கும் நடு இடங்களில் வெள்ளையர், ஓட வேண்டிய ஓர இடங்களில் கறுப்பினத்தவர். அப்புறம் பயிற்சியாளரைத் தேடும்போது எங்கே தேடுவார்கள்? முடிவெடுத்துப் பழகியவர்களிடம்தானே!

நம் நாட்டுக் கிரிக்கெட்டிலும் இதே கணக்குதான். பல்வாங்கர் பாலுவின் பந்துவீச்சு வேண்டியிருந்தது. ஆனால் தலித்தான அவருக்கு இந்துக்கள் அணியின் தலைமை கடைசிவரை கிடைக்கவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்கு 1923-இல்தான் அது கிடைத்தது.

அமெரிக்காவில் பில் ரஸ்ஸல் 1966 ஏப்ரலில் பாஸ்டனின் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டு, என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். ஆடிக்கொண்டே பயிற்றுவித்து 1968, 1969 கோப்பைகளை வென்றார். கல்லூரி இறுதிப் போட்டியை ஒரு கறுப்பினப் பயிற்சியாளர் வெல்ல 1984-இல் ஜார்ஜ்டவுனின் ஜான் தாம்ப்சன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டாமவர் நோலன் ரிச்சர்ட்சன், நாம் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

ரிச்சர்ட்சன் எல் பாசோவில் வளர்ந்தவர். ஹாஸ்கின்ஸ் வந்தபோது ஏற்கெனவே டெக்சாஸ் வெஸ்டர்னில் ஆடிக்கொண்டிருந்தவர். 1985-இல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஆனார். அவருடைய ஆட்டமுறைக்கு 'நாற்பது நிமிட நரகம்' என்று பெயர். களம் முழுக்க, ஆட்டம் முழுக்க நெருக்கி எதிரணியைப் பந்தை இழக்க வைப்பது, அதாவது டர்னோவரையே தந்திரமாக்குவது. அதற்கு விடாத பயிற்சியும், மாற்றி மாற்றி இறக்க ஆழமான அணியும், நொடிக்கு நொடி முடிவும் வேண்டும். 1994-இல் டியூக்கை 76-72 என்று வென்று கோப்பையை எடுத்தார். ஆனாலும் அவர் அணி வென்றால் வீரர்களின் உடல்திறனைப் புகழ்ந்தார்கள், வெள்ளைப் பயிற்சியாளர் வென்றால் அவருடைய மூளையைப் புகழ்ந்தார்கள். இதை அவர் பல முறை கசப்போடு சொல்லியிருக்கிறார்.

2002 பிப்ரவரியில் கென்டக்கியிடம் தோற்ற பிறகு, ஒப்பந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டால் இந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம் என்றார். இரண்டு நாளில், தான் கறுப்பினத்தவர் என்பதால் வேறுவிதமாக நடத்தப்படுவதாகச் செய்தியாளர் சந்திப்பில் பேசினார். சில நாட்களில் வேலை போனது. பேச்சு வரம்பு மீறியது என்றவர்கள் உண்டு. இத்தனை ஆண்டு பேசாமல் இருந்ததைப் பற்றி அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. அவர் தொடுத்த வழக்கு 2004-இல் தள்ளுபடியானது.

2019-இல் ஆர்கன்சா பல்கலைக்கழகம் தன் ஆடுகளத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. வெளியே அனுப்பி 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.