வெள்ளையடித்த சுவருக்கும் ஒரு வரலாறு உண்டு



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

முந்தின வருஷம் ஐப்பசி மழையில் ஊரில் நம் பழைய வீட்டுப் பட்டாசாலைச் சுவரில் ஓதம் ஏறி, பூச்சு பொரிந்து கொட்டியது. தம்பி மகன் வந்து பார்த்துவிட்டு, "பெரியப்பா, இனி இது தாங்காது. இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டிவிடலாம்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்கு ஒரு கேள்வி. தாத்தா காலத்திலிருந்து அத்தனை மழையையும் தாங்கிய சுவர், இப்போது மட்டும் ஏன் உதிர்கிறது?

வரலாறு எடுத்த வாத்தியார் அல்லவா, பின்னோக்கித்தான் போனேன்.

அது சுண்ணாம்புக் காரையில் கட்டிய வீடு. நம் நாட்டில் சுண்ணாம்பின் கதை பழையது. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் உள்ள சோழர் கால ஓவியங்கள் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டப்பட்டவைதான். ஆயிரம் ஆண்டுகள் ஆகியும் இன்னும் பார்க்க முடிகிறது. சுண்ணாம்புக் கல்லையோ கடற்கரைக் கிளிஞ்சலையோ சூளையில் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். சுவரில் அடித்த பிறகு காற்றிலுள்ள அதே கரியமில வாயுவை மெல்ல வாங்கி, மறுபடியும் கல்லாகிவிடும். ஆக, ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடித்தபோது நாம் சுவருக்கு மெல்லிய கல் தோல் ஒன்றைப் போர்த்திக்கொண்டிருந்தோம்.

மார்கழிக் கடைசி உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்பா முதல் நாளே தொட்டியில் சுண்ணாம்பை நீற வைப்பார். அது கொதிக்கும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் விடமாட்டார். மறுநாள் துணியில் வடிகட்டி, கொஞ்சம் உப்பும் சோற்றுக் கஞ்சியும் சேர்ப்பார். கையில் ஒட்டாமலிருக்கக் கஞ்சி, பளிச்சென்று இருக்க ஒரு துளி நீலம். தேங்காய் மட்டையின் நுனியை நசுக்கினால் அதுதான் பிரஷ். உயரத்துக்கு அப்பா, கைக்கு எட்டுகிற உயரத்துக்கு நாங்கள், திண்ணை ஓரத்துக் காவிப் பட்டை அம்மாவின் பொறுப்பு. கூலி ஆள் கிடையாது. செலவு என்றால் சுண்ணாம்பும் நீலமும்தான்.

அந்த நீலத்துக்கும் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தான் மலையிலிருந்து வெட்டியெடுத்த கல்லை அரைத்துத்தான் அந்த நிறத்தைச் செய்தார்கள். ஐரோப்பிய ஓவியர்களுக்கு அது தங்கத்துக்கு நிகரான சரக்கு. 1828 வாக்கில் பிரான்சின் கிமே என்பவர் அதைச் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். அதன் பிறகுதான் அரசர் வீட்டு நீலம் நம் வீட்டுச் சுண்ணாம்புத் தொட்டிக்கு வந்து சேர்ந்தது.

வெள்ளையடிப்புக்கு இன்னொரு முகமும் இருந்தது. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியபோது நோய் கண்ட வீடுகளில் அரசு ஆட்கள் புகுந்து சுண்ணாம்பு அடித்தார்கள். சுண்ணாம்பின் காரம் கிருமியைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் அடுத்த ஆண்டு புனேயில் சோதனை என்ற பெயரில் நடந்த அத்துமீறல் மக்களைக் கொதிக்க வைத்தது. அதிகாரி ராண்ட் சுடப்பட்டதையும் சாபேகர் சகோதரர்களையும் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். நாமே அடித்தால் பண்டிகை, அடுத்தவன் புகுந்து அடித்தால் அவமானம்.

பிறகு சிமென்ட் வந்தது. 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற பொருள், 1949-ல் நம் தாழையூத்து ஆலையிலேயே தயாராகத் தொடங்கியது. பெயின்ட்டும் வீடுகளுக்குள் நுழைந்தது. 1954-ல் ஆர்.கே. லட்சுமண் வரைந்த, கையில் பெயின்ட் டப்பாவோடு நிற்கும் 'கட்டு' பையனை மறந்திருக்க மாட்டீர்கள். வருஷா வருஷம் அடிக்க வேண்டிய வேலை மிச்சம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். மட்டையைத் தூக்கிப் போட்டோம்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற பணம் கைக்கு வந்த வருஷம், பெருமைக்காக அந்தப் பட்டாசாலைச் சுவருக்குச் சிமென்ட் பூசி, மேலே விலை உயர்ந்த எமல்ஷனும் அடித்தவன் நான்தான். பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் வழியெல்லாம் வெளியேறிக் காய்ந்துவிடும். நான் அந்த வழியை அடைத்துவிட்டேன். உள்ளே தங்கிய ஈரம் உப்பைக் கொண்டுவந்து பூச்சுக்குப் பின்னால் படிய வைத்தது. உப்பு பூத்துப் பூச்சைத் தள்ளியது. பெயின்ட்டிலும் சிமென்ட்டிலும் குறை இல்லை. அவை புதுச் சுவருக்கு ஏற்றவை. இடம் பார்க்காமல் பூசியது என் தப்பு.

தம்பி மகனிடம் ஒரு வருஷம் தவணை கேட்டேன். தை மாதம் சிமென்ட்டைக் கொத்தி எடுத்தோம். கோடை முழுக்கச் சுவரைச் சும்மா காயவிட்டோம். காரை வேலை தெரிந்த வயதான கொத்தனார் ஒருவர் ஆவணியில் சுண்ணாம்புப் பூச்சு வைத்துக் கொடுத்தார். வெள்ளை மட்டும் நானே அடித்தேன். அடித்த அன்று மங்கலாகத்தான் தெரிந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் அப்பா அடித்த அதே வெள்ளை. கொஞ்ச நேரம் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்த ஐப்பசி மழையில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியது, சில நாளில் காய்ந்தது. எதுவும் உதிரவில்லை. "சரி பெரியப்பா, இன்னும் இரண்டு மழை பார்ப்போம்" என்றான் தம்பி மகன். வீடு முழுசாகத் தப்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். தவணை கிடைத்திருக்கிறது.

செய்ய நினைக்கிறவர்களுக்கு: சுண்ணாம்பு நீறும்போது தள்ளி நில்லுங்கள். கண்ணில் பட்டால் ஆபத்து, கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். அடிக்கும் முன் சுவரை நனையுங்கள். கெட்டியாக ஒரு தடவை அடிப்பதைவிடத் தண்ணியாக இரண்டு மூன்று தடவை அடிப்பது நல்லது. பழைய பெயின்ட்டின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, சுரண்டிவிட்டு அடியுங்கள்.

வேண்டுகோள் இதுதான். ஊரில் உங்களுக்கும் பழைய காரை வீடு இருந்தால், இடிக்க ஆள் கூப்பிடும் முன் சுவர் எதனால் உதிர்கிறது என்று ஒரு முறை பாருங்கள். இந்தப் போகிக்கு நம் வீட்டுக்கு வருகிறவர்கள் பழைய சட்டையோடு வாருங்கள். மட்டை நசுக்கி வைத்திருப்பேன். கீழ்ப்பாதி பிள்ளைகளுக்கு.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்