கேட்டது ரூ.37,907 கோடி, வந்தது ரூ.276 கோடி: பேரிடர் நிதி எப்படித்தான் கணக்கிடப்படுகிறது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. அதே மாதம் தூத்துக்குடி, நெல்லை உள்ளிட்ட தென் மாவட்டங்களை பெருமழை புரட்டிப்போட்டது. இரண்டுக்கும் சேர்த்து தமிழ்நாடு அரசு கேட்டது ரூ.37,907 கோடி. 2024 ஏப்ரலில் மத்திய அரசு விடுவித்தது சுமார் ரூ.276 கோடி. ஏன் இவ்வளவு பெரிய வித்தியாசம்?

மாநில நிதி (எஸ்.டி.ஆர்.எஃப்)

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ன்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி நிவாரண நிதி உண்டு. இதில் 75% மத்திய அரசு, 25% மாநில அரசு போட வேண்டும். வடகிழக்கு, இமயமலை மாநிலங்கள் என்றால் மத்திய அரசின் பங்கு 90%. புயல் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுக்கு இரண்டு தவணையாக இந்தப் பணம் வரும். மிக்ஜாம் நேரத்தில் 'ரூ.450 கோடி விடுவிப்பு' என்று வந்ததே, அது புதுப் பணம் இல்லை. வர வேண்டிய இரண்டாவது தவணைதான், கொஞ்சம் முன்கூட்டியே வந்தது.

தேசிய நிதி (என்.டி.ஆர்.எஃப்)

மீட்புப் படைக்கும் இதே சுருக்கப் பெயர்தான். குழம்ப வேண்டாம், இது நிதி. பாதிப்பு மிகக் கடுமையாக இருந்தால் மாநிலம் அறிக்கை அனுப்பும். மத்தியக் குழு நேரில் ஆய்வு செய்யும். கடைசியில் உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்மட்டக் குழு தொகையை முடிவு செய்யும். மாநில நிதியில் ஏப்ரல் 1-ம் தேதி இருந்த இருப்பில் பாதியைக் கழித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள்.

அப்போ ஏன் குறைகிறது?

இது இழப்பீடு கிடையாது, உடனடி நிவாரணம் மட்டும்தான். உயிரிழப்புக்கு ரூ.4 லட்சம் என்பதுபோல பயிர், வீடு, கால்நடை என எல்லாவற்றுக்கும் விலைப்பட்டியல் இருக்கிறது. மாநிலங்கள் கேட்கும் தொகையில் சாலை, பாலங்களை நிரந்தரமாகச் சீரமைக்கும் செலவும் சேர்ந்திருக்கும். தொகை எகிறுவதும் வெட்டு விழுவதும் இங்கேதான்.

வெப்ப அலைக்கு உண்டா?

மத்தியப் பட்டியலில் புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம் உள்ளிட்ட 12 பேரிடர்கள் இருந்தன. அதில் வெப்ப அலை இல்லை. ஆனால் உள்ளூர் பேரிடர்களுக்கு மாநில நிதியில் 10% வரை பயன்படுத்தலாம். தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை அப்படி அறிவித்தது.

தடுப்புக்கு எவ்வளவு?

15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு மாநிலங்களுக்கு ஒதுக்கியது சுமார் ரூ.1.6 லட்சம் கோடி. இதில் 100 ரூபாய்க்கு 80 ரூபாய் நிவாரணம், மீட்பு, தயார்நிலைக்கு. பாதிப்பே வராமல் தடுக்கும் பணிகளுக்கு 20 ரூபாய்தான். தேசிய அளவிலும் தனி தடுப்பு நிதி உண்டு. சென்னை வெள்ளத் தடுப்புக்கு 2023 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்த ரூ.561 கோடி திட்டத்தில் மத்திய பங்கு ரூ.500 கோடி, இந்த தடுப்பு நிதியில் இருந்துதான்.

அடுத்த முறை 'இத்தனை கோடி அறிவிப்பு' என்று செய்தி வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: அது தவணைப் பணமா, கூடுதல் பணமா? எந்த நிதியில் இருந்து வருகிறது? நிவாரணத்துக்கா, தடுப்புக்கா?