முறியும் இடத்தில் ஒரு காவல்



போன வாரம் என்னைப் பார்க்க வந்த பழைய மாணவர் ஒருவர், "எங்க குடும்பத்துல யாருக்கும் கேன்சர் இல்ல சார், சிகரெட் என்ன பண்ணிடும்?" என்றார். எட்டாம் வகுப்பில் செல்லைப் படம் போட்டுக் காட்டியதோடு நான் நிறுத்திவிட்டேன். மிச்சத்தை ஓய்வுக்குப் பிறகுதான் படித்தேன். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

1979-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். தலைமுறைகளாகச் சிறுநீரகப் புற்றுநோய். நோயுற்றவர்களிடம் 3-ஆம் குரோமோசோமும் 8-ஆம் குரோமோசோமும் முறிந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருந்தன.

பழைய வேட்டி மடிப்பில்தான் முதலில் கிழியும். குரோமோசோமிலும் அப்படிச் சில இடங்கள் நம் எல்லோருக்கும் உண்டு. 1984-இல் தாமஸ் குளோவர் குழுவினர், டி.என்.ஏ. நகலாவதை ஒரு மருந்தால் தாமதப்படுத்தியபோது, அந்த இடங்கள் முறிந்தன. அவற்றில் முக்கியமான ஒன்று, அந்தக் குடும்பத்துக்கு முறிந்த அதே பகுதி.

1996-இல் பிலடெல்ஃபியாவில் கார்லோ குரோச்சே, கே ஹியூப்னர் குழுவினர் அங்கே ஒரு மரபணுவைக் கண்டார்கள். பெயர் 'ஃபிட்'. நுரையீரல் புற்றுநோய்க் கட்டிகள் பலவற்றில் அது சிதைந்திருந்தது, புகைபிடித்தவர்களிடம் அதிகம்.

உடனே எதிர்ப்பும் வந்தது. "எளிதில் முறியும் இடம் முறிந்திருக்கிறது, அவ்வளவுதான். புயலில் ஓடு உடைந்தால், ஓட்டினால்தான் புயல் வந்தது என்பீர்களா?" நியாயமான கேள்வி.

2000-இல் சுண்டெலிகள் பதில் சொல்லின. ஃபிட்டின் இரண்டு பிரதிகளில் ஒன்றை நீக்கிய எலிகளுக்கும் சாதாரண எலிகளுக்கும், புற்றுநோய் உண்டாக்கும் ஒரே ரசாயனத்தைக் கொடுத்தார்கள். சாதாரண எலிகளில் நான்கில் ஒன்றுக்குத்தான் முன்வயிற்றில் கட்டி வந்தது. ஒரு பிரதி இழந்தவற்றில் அத்தனைக்கும் வந்தது! மறு ஆண்டு, ஃபிட் குறைந்த எலிகளுக்கு அந்த மரபணுவைத் திரும்பக் கொடுத்தபோது கட்டிகள் குறைந்தன. அது வெறும் உடைந்த ஓடு அல்ல. காவல் காத்த மரபணு. ரசாயனம் தாக்கும்போதுதான் அந்தக் காவலின் அருமை தெரிகிறது.

அந்த அமெரிக்கக் குடும்பத்துக்கு முறிவு பிறப்பிலேயே வந்தது. நம்மில் பெரும்பாலோருக்கு அது முழுதாகவே வருகிறது. பரம்பரையில் நோய் இல்லை என்பதற்கு அவ்வளவுதான் பொருள். அதை நாமே முறித்துக்கொள்ளவும் முடியும். புகையில் இருப்பது டி.என்.ஏ.வைச் சிதைக்கும் ரசாயனம்.

புகைக்கும் என் மாணவர்களே, குறைக்காதீர்கள், நிறுத்துங்கள். நிறுத்திய அன்று எனக்கு ஒரு போன் போடுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்