அலகாபாத் ராக் பத்திரிகையும் குற்றாலத்து ரசிகமணியும்

1990களில் தென்காசி மாதிரி ஒரு ஊரில் இருந்த காலேஜ் பையனுக்கு நிர்வாணா, பேர்ல் ஜாம் மாதிரி ஒரு குழுவின் பாட்டு பிடித்துப்போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வான்? கேபிள் டிவியில் ராத்திரி ஒரு தடவை பார்த்திருப்பான். காலையில் பாட்டின் பெயர் பாதி மறந்துபோயிருக்கும். கேசட் ரெக்கார்டிங் கடையில் போய்க் கேட்டால் இளையராஜா இருக்கும், ரஹ்மான் இருக்கும், தேவா இருக்கும். இது இருக்காது. மதுரைக்கோ சென்னைக்கோ போகிற யாரிடமாவது ஒரு துண்டுச் சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும். அந்தப் பெயரின் ஸ்பெல்லிங்கும் சரியாகத் தெரியாது!

அவன் பிரச்சினை பாட்டு கிடைக்காதது மட்டும் இல்லை. அதைப் பற்றிப் பேச ஊரில் ஒரு ஆள் கிடையாது. இந்தத் தனிமையைப் போக்கத்தான் உலகம் முழுக்க ராக் பத்திரிகைகள் பிறந்தன. அவற்றின் அட்டை, எழுத்து, பக்க அமைப்பு எல்லாமே இந்தக் காரணத்தை ஒட்டித்தான் உருவாயின. அந்தக் கதைதான் இது.

ஆல்டர்நேட்டிவ் என்றால் என்ன?

முதலில் ஒரு சின்ன விளக்கம். 1980களில் அமெரிக்காவில் பெரிய ரெக்கார்டு கம்பெனிகள் கண்டுகொள்ளாத குழுக்கள் நிறைய இருந்தன. சின்னக் கம்பெனிகள் அவற்றின் இசைத்தட்டுகளை வெளியிட்டன. காலேஜ் மாணவர்கள் நடத்திய வானொலிகள் ஒலிபரப்பின. ஆர்.இ.எம்., சோனிக் யூத், பிக்ஸீஸ் எல்லாம் அப்படி வளர்ந்த குழுக்கள். பிரபலமான ராக்குக்கு மாற்றாக இருந்ததால் 'ஆல்டர்நேட்டிவ்' என்று பெயர். 1991 செப்டம்பரில் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வந்தது. 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைத் தள்ளிவிட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஓரத்தில் இருந்த இசை ஒரே வருஷத்தில் நடுவீட்டுக்கு வந்துவிட்டது.

இந்தியாவுக்கு எம்டிவி, ஸ்டார் டிவி வழியாக 1991-ல் வந்தது. தாராளமயமாக்கலும் அதே வருஷம்தான். ஆக, நம் ஊர்ப் பையன்களும் அந்த இசையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆனால் பார்ப்பது வேறு, அதைப் பற்றிப் படிப்பது வேறு.

பம்பாயில் அல்ல, அலகாபாத்தில்

இந்திய ராக் ரசிகர்களுக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கப்பட்டது 1993-ல். பெயர் 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்'. எங்கே? பம்பாய், பெங்களூர், கல்கத்தா என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அது வெளிவந்தது அலகாபாத்திலிருந்து. திரிவேணி சங்கமம், கும்பமேளா, ஹைகோர்ட்டு என்று பெயர் வாங்கிய ஊர். (2018-ல் அதற்குப் பிரயாக்ராஜ் என்று பெயர் மாற்றினார்கள்.)

தொடங்கியவர் அமித் சைகல். உள்ளூர் ராக் குழு ஒன்றில் வாசித்தவர். அவரும் அவர் மனைவி ஷேனா கமத்தும் சேர்ந்து நடத்தினார்கள். பம்பாயில் 1986 முதலே 'இண்டிபெண்டன்ஸ் ராக்' விழா நடந்துவந்தது. பெங்களூரிலும் வடகிழக்கிலும் குழுக்கள் இருந்தன. ஆனால் ஷில்லாங்கில் வாசிக்கிறவனுக்கும் கொச்சியில் வாசிக்கிறவனுக்கும் ஒருவரை ஒருவர் தெரிய வழியில்லை. இந்தப் பத்திரிகை அவர்களை ஒரே பக்கத்தில் கொண்டுவந்தது. வெளிநாட்டு ஆல்பங்களைப் பற்றி எழுதியது; அதோடு இந்தியக் குழுக்களின் பேட்டியும் நிகழ்ச்சி விமர்சனமும் போட்டது. பிறகு 'கிரேட் இந்தியன் ராக்' என்ற பெயரில் இந்தியக் குழுக்களின் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். அதே பெயரில் விழாவும் நடத்தினார்கள். பத்திரிகை பின்னால் டெல்லிக்கு இடம் மாறியது.

யோசித்துப் பாருங்கள். ஊரில் எல்லாம் இருந்திருந்தால் அமித் சைகலுக்கு இந்தப் பத்திரிகை தேவைப்பட்டிருக்குமா? ஊரில் இல்லாததால்தான் பத்திரிகை வந்தது. அவர் 2012 ஜனவரியில் கோவாவில் கடலில் மூழ்கி இறந்தபோது நாடெங்கும் இசைக்குழுக்கள் அஞ்சலி செலுத்தின. அவர்களில் பலருடைய பெயர் முதன்முதலாக அச்சில் வந்தது அவர் பத்திரிகையில்தான்.

அதற்கு முன்னால்

இந்தியாவில் இளைஞர் பத்திரிகைக்கு வழி காட்டியது கல்கத்தாவின் 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்'. 1967-ல் ஸ்டேட்ஸ்மன் நிறுவனம் தொடங்கியது. பிறகு சுருக்கமாக 'ஜேஎஸ்' என்று ஆனது. ஆசிரியர் டெஸ்மண்ட் டாய்க் ஓவியரும்கூட. அதனால் படமும் எழுத்தும் சேர்ந்தே யோசிக்கப்பட்டன. பாப் இசை, ஃபேஷன், காலேஜ் செய்தி எல்லாம் கலந்து வந்த அந்தப் பத்திரிகை 1977-ல் நின்றது.

அதே 1967-ல், நவம்பர் 9-ம் தேதி, சான்ஃபிரான்சிஸ்கோவில் 'ரோலிங் ஸ்டோன்' முதல் இதழ் வந்தது. ஜான் வென்னருக்கு அப்போது 21 வயது. கையில் கடன் வாங்கிய 7,500 டாலர். அவரோடு இருந்தவர் ரால்ஃப் கிளீசன் என்ற அனுபவமுள்ள இசை விமர்சகர். செய்தித்தாள் காகிதத்தில்தான் அச்சு. பக்க அமைப்பு கூடப் புதிது இல்லை. நின்றுபோன 'சண்டே ராம்பர்ட்ஸ்' என்ற பத்திரிகையின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். முதல் அட்டையில் ஜான் லென்னன், ஒரு சினிமாவின் ராணுவ வீரர் வேஷத்தில். பார்க்க அது கெட்டிக்காரத்தனமான செய்தித்தாள் மாதிரி இருந்தது. அதுதான் அதன் பலம். ராக் இசையை விளையாட்டுச் சமாச்சாரமாக நினைத்த பெரியவர்களுக்கு, "இதுவும் செய்திதான்" என்று அந்த வடிவமே சொன்னது.

லண்டனில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை

அடுத்த திருப்பம் 1976 ஜூலையில் லண்டனில். மார்க் பெர்ரி என்ற 19 வயது வங்கிக் குமாஸ்தா, பங்க் இசையைப் பற்றி எந்தப் பத்திரிகையும் ஒழுங்காக எழுதவில்லையே என்று தானே 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற பத்திரிகையை ஆரம்பித்தான். டைப்ரைட்டரில் அடித்து, தலைப்பை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, பின் அடித்தான். அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே இருக்கும். முதலில் எடுத்தது 50 பிரதிகள் போல. ஒரே வருஷத்தில் ஆயிரக்கணக்கில் போனது.

நமக்கு இது ஒன்றும் அந்நியமான விஷயம் இல்லை. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்திலும் காலேஜிலும் கையெழுத்துப் பத்திரிகை நடத்தாத ஊர் எது? ஒரே ஒரு பிரதி எழுதி, படம் வரைந்து, கை மாற்றிக் கை மாற்றிப் படிப்பார்கள். மார்க் பெர்ரி செய்தது அதேதான், ஜெராக்ஸ் மிஷின் உதவியோடு.

அதே காலத்தில் வந்த 'சைட்பர்ன்ஸ்' என்ற இன்னொரு பத்திரிகையில் ஒரு படம் புகழ் பெற்றது. கிடாரில் மூன்று கார்டு எப்படிப் பிடிப்பது என்று கையால் வரைந்திருந்தார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும், போய் ஒரு குழு தொடங்கு என்று கீழே எழுதியிருந்தார்கள். (பலர் இதை 'ஸ்னிஃபின் க்ளூ'வில் வந்ததாகத் தவறாகச் சொல்வார்கள்.) அழகாக வரைந்திருந்தால் அந்தப் படம் பலித்திருக்காது. கோணல்மாணலான அந்தக் கோடுகள்தான் "உன்னாலும் முடியும்" என்ற தைரியத்தைக் கொடுத்தன.

படிக்க முடியாத பேட்டி

ஆல்டர்நேட்டிவ் ராக்குக்கென்றே வந்து வடிவமைப்பால் உலகப் புகழ் பெற்றது 'ரே கன்'. 1992-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. அதன் ஆர்ட் டைரக்டர் டேவிட் கார்சன் சோஷியாலஜி படித்து, பள்ளியில் பாடம் நடத்தி, அலைச்சறுக்கில் பெயர் வாங்கிய பிறகு இந்தத் துறைக்கு வந்தவர். விதிகளைக் கற்றுக்கொள்ளாமல் வந்ததால் மீறுவதற்கும் பயப்படவில்லை. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். வரி பக்கத்துக்கு வெளியே ஓடும். பத்தி சாய்ந்து நிற்கும். கிடாரின் இரைச்சலைக் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு பக்கம்!

1994-ல் உச்சகட்டம். பிரையன் ஃபெர்ரி என்ற பாடகரின் பேட்டி சலிப்பூட்டுகிறது என்று கார்சனுக்குத் தோன்றியது. முழுப் பேட்டியையும் 'சாஃப் டிங்பேட்ஸ்' என்ற ஃபாண்டில் போட்டுவிட்டார். அதில் எழுத்தே கிடையாது; நட்சத்திரம், அம்புக்குறி, பூ மாதிரியான குறிகள்தான் இருக்கும். படிக்கக்கூடிய வடிவம் அதே இதழின் கடைசியில் இருந்தது.

இதை மேதைமை என்று சொன்னவர்களும் உண்டு, திமிர் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் இருந்த வாசகனுக்கு அந்தக் குழுக்களின் பாட்டு வானொலியில் கிடைத்தது, தெருமுனைக் கடையில் இசைத்தட்டு கிடைத்தது. தகவலுக்காக அவன் பத்திரிகையை நம்பி இருக்கவில்லை. பத்திரிகை அவனோடு விளையாடலாம். பாட்டின் பெயரே பாதி தெரிந்த பையனிடம் அந்த விளையாட்டு செல்லுமா?

குற்றாலத்தில் ஒரு பதிப்பாசிரியர்

இந்தக் கேள்விக்கு ஒரு பதில் குற்றாலத்திலேயே இருக்கிறது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882-1954). கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்து அங்கேயே மறைந்தவர். நெல்லையில் அவர் வீட்டில் கூடிய 'வட்டத்தொட்டி' நண்பர்கள் குழு இலக்கிய உலகில் பிரசித்தம். ராஜாஜியும் கல்கியும் அவருடைய நெருங்கிய நண்பர்கள். ராக் இசைக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாதுதான். ஆனால் காதால் கேட்க வேண்டியதைக் காகிதத்தில் எப்படிக் கொண்டுவருவது என்ற பிரச்சினை அவருக்கும் இருந்தது.

பழைய பதிப்புகளில் செய்யுள் சந்தி சேர்ந்து, சொல் எங்கே முடிகிறது என்று தெரியாமல் இருக்கும். பண்டிதர் படிப்பார், மற்றவர்கள் மூடி வைத்துவிடுவார்கள். டி.கே.சி. கம்பர் பாடல்களைச் சொல் பிரித்து, வாய்விட்டுப் படித்தால் ஓசை பிடிபடும்படி அச்சிட்டார். கவிதை என்பது ரசிக்கிற எல்லோருக்கும் சொந்தம் என்பது அவர் கட்சி. பாடல்களைத் தன் இஷ்டத்துக்குத் திருத்துகிறார், பலவற்றை இடைச்செருகல் என்று தள்ளுகிறார் என்று புலவர்கள் கோபித்துக்கொண்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் அவரால் கம்பனைப் படிக்கத் தொடங்கியவர்கள் ஏராளம்.

கார்சனும் வரியை உடைத்தார், டி.கே.சி.யும் சொற்களைப் பிரித்தார். இரண்டு பேருமே ஓசைக்காகத்தான் செய்தார்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவனுக்கு ஒருவர் வேடிக்கை காட்டினார். வெளியே நிற்பவனுக்கு இன்னொருவர் கதவைத் திறந்தார்.

தமிழில் ஒன்று செய்தால்?

தமிழில் இளைஞர்களுக்கு ஒரு ராக் பத்திரிகை வடிவமைக்க நினைப்பவர்கள் ஆங்கிலப் பத்திரிகையை அப்படியே காப்பி அடிக்க முடியாது. தமிழ்ச் சொற்கள் நீளம். ஒரு பக்கத்தை நான்கு குறுகிய பத்திகளாகப் பிரித்தால் வரிக்கு இரண்டு சொல்தான் நிற்கும். தமிழில் கேப்பிடல் லெட்டர் கிடையாது. தலைப்பு கத்த வேண்டுமென்றால் அளவாலும் தடிமனாலும்தான் கத்த முடியும், அல்லது கையால் எழுத வேண்டும். கையால் எழுதுவதில் நமக்குப் பெரிய சொத்து இருக்கிறது. ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938-2008) சிற்றிதழ்களுக்கும் புத்தக அட்டைகளுக்கும் எழுதிக்கொடுத்த எழுத்துகளைப் பார்த்தாலே போதும், தமிழ் எழுத்து எவ்வளவு முரட்டு அழகாக நிற்கும் என்று தெரியும்.

பக்கங்களின் எண்ணிக்கை பெரும்பாலும் 8, 16 என்ற மடங்கில் வரும். பெரிய தாளை மடித்து வெட்டுவதால் அப்படி. நடுவில் பின் அடித்தால் நடுப்பக்கம் இரண்டும் ஒரே தாள். அதைக் கழற்றிச் சுவரில் ஒட்டலாம். அட்டைக்கு அடுத்து முக்கியமான இடம் அதுதான். ஆனால் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வாசகர் கடிதப் பக்கம். எந்த ஊரில் யார் வாசிக்கிறார்கள், எங்கே டிரம்மர் தேவை, யாரிடம் எந்த ஆல்பம் இருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

இங்கிலாந்தின் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' 1952-ல் தொடங்கி 66 வருஷம் வாராவாரம் வந்து, 2018-ல் வார அச்சு இதழை நிறுத்தியது. இப்போது பாட்டும் தகவலும் ஃபோனிலேயே கிடைக்கின்றன. ஆனால் எல்லாம் கிடைக்கிற காலத்திலும், எதைக் கேட்பது, யாரோடு பேசுவது என்ற கேள்வி மாறவில்லை.

தென்காசியிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில் சிவகாசி. நாட்டுக்கே காலண்டரும் டைரியும் அச்சடித்துக் கொடுக்கிற ஊர். காகிதமும் மெஷினும் அவ்வளவு பக்கத்தில்தான் இருக்கின்றன. அலகாபாத்தில் இருந்ததும் அதைவிட அதிகம் ஒன்றும் இல்லை. பாட்டின் பெயரைச் சரியான ஸ்பெல்லிங்கோடு இன்னொருத்தனுக்குச் சொல்லியே தீர வேண்டும் என்று நினைத்த இரண்டு பேர் இருந்தார்கள், அவ்வளவுதான்.