படம் பிடித்தவரின் வாக்குமூலம்: 'பீப்பிங் டாம்' (1960) உருவான விதம்

மைக்கேல் பவல் இயக்கிய 'பீப்பிங் டாம்' 1960 ஏப்ரலில் லண்டனில் வெளியானது. பெண்களைக் கொன்று, சாகும் நேரத்து அவர்கள் முகத்தைப் படம் பிடித்துவைக்கும் ஓர் இளம் ஒளிப்பதிவு உதவியாளனின் கதை. பத்திரிகைகள் அதைக் கிழித்துப்போட்டன. சாக்கடையில் வாரிக் கொட்டினாலும் இதன் நாற்றம் போகாது என்ற பொருளில் 'டிரிப்யூன்' இதழில் டெரிக் ஹில் எழுதினார். திரையரங்குகளிலிருந்து படம் விரைவில் மறைந்தது. 1979இல் மார்ட்டின் ஸ்கோர்செசியின் முயற்சியால் நியூயார்க் திரைப்பட விழாவில் மீண்டும் திரையேறியது. அன்று கடுமையாகத் தாக்கியவர்களில் ஒருவரான டிலிஸ் பவல் 1994இல் தம் பழைய கருத்தை மாற்றிக்கொண்டு எழுதினார்.

திரைப்பட வரலாற்று நூல்கள் இதை 'குருட்டு விமர்சகர்கள் ஒரு மேதையைச் சாய்த்த கதை' என்று சொல்லிவருகின்றன. அதில் மிகை இருக்கிறது. பவல் 1961இலும் 1966இலும் 1969இலும் படங்கள் இயக்கினார். பிரிட்டனில் அவருக்கு இருந்த செல்வாக்குதான் போனது. அந்தக் கதையில் இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. விமர்சகர்களைப் பற்றி நிறையச் சொல்லும் அது, படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதைப் பற்றிக் கொஞ்சமே சொல்கிறது. பவல் தம் தொழிலையும் குடும்பத்தையும் உடலையும் சாட்சியமாக வைத்து இந்தப் படத்தை எடுத்தார் என்பதும், விமர்சகர்களின் அருவருப்புக்கு அந்தச் செய்முறையே காரணம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கதை லியோ மார்க்ஸ் எழுதியது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் இரகசிய நடவடிக்கை அமைப்பான எஸ்.ஓ.இ.யில் சங்கேதப் பிரிவின் தலைவராக இருந்தவர் அவர். எதிரியின் பிடியிலிருந்த நாடுகளிலிருந்து ஒற்றர்கள் அனுப்பும் செய்திகள் பல நேரம் அவசரத்திலும் அச்சத்திலும் பிழையாகவே வந்து சேரும். மறுபடி அனுப்பச் சொன்னால் வானொலி அலையை வைத்து ஜெர்மானியர் ஆளைப் பிடித்துவிடுவார்கள். எனவே எத்தனை முறை முயன்றாவது அந்தப் பிழையை லண்டனிலேயே அவிழ்க்க வேண்டும் என்பது மார்க்ஸின் பிடிவாதம். முகம் காணாத ஒருவரின் அச்சத்தைத் தூரத்தில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் படிப்பதுதான் அவருடைய போர்க்கால வேலை. படத்தில் வரும் உயிரியலாளர் லூயிஸ், குழந்தையின் அச்சத்தைப் பதிவுசெய்து ஆராய்பவர். அவர் மகன் மார்க் அதைக் கொலைவரை கொண்டுபோகிறவன். ஒற்றரைக் காப்பாற்றப் படித்த ஒரு திறனின் கொடிய மறுபக்கத்தை மார்க்ஸ் இங்கே எழுதிப் பார்த்திருக்கிறார் என்றே நான் வாசிக்கிறேன். மார்க் லூயிஸ் என்ற பெயரில் லியோ மார்க்ஸ் தலைகீழாக நிற்பதும் தற்செயல் அல்ல.

இருவரும் முதலில் பேசியது சிக்மண்ட் ஃப்ராய்டைப் பற்றிய படம். ஜான் ஹூஸ்டன் அதை எடுக்கப்போகிறார் என்று தெரிந்ததும் அந்த எண்ணம் கைவிடப்பட்டது. ஃப்ராய்டின் வாழ்க்கை போய், அவர் எழுதிய நோய்களில் ஒன்று கதையானது. பணம் போட்டது ஆங்கிலோ-அமால்கமேட்டட். 'கேரி ஆன்' நகைச்சுவைப் படங்களோடு 1959இல் 'ஹாரர்ஸ் ஆஃப் த பிளாக் மியூசியம்' போன்ற மலிவுத் திகில் படங்களையும் வெளியிட்ட நிறுவனம் அது. 'த ரெட் ஷூஸ்' எடுத்த இயக்குநர் அந்த வரிசையில் வந்து நின்றதே பல விமர்சகர்களுக்குப் பொறுக்கவில்லை.

படப்பிடிப்பு பெரும்பாலும் பைன்வுட் ஸ்டுடியோவில். முதல் கொலைக்கான தெருவுக்கு லண்டன் ஃபிட்ஸ்ரோவியாவின் நியூமன் பாசேஜ் என்ற குறுகிய சந்தைப் பயன்படுத்தினார்கள். அந்தத் தொடக்கத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஓர் இலக்குப் பலகையில் அம்பு தைக்கிறது. ஒரு கண் அண்மைக்காட்சியில் திறக்கிறது. கோட்டுக்குள் மறைத்த 16 மி.மீ. கேமரா ஓடத் தொடங்குகிறது. அதன்பின் நாம் காண்பதெல்லாம் வியூஃபைண்டரின் குறுக்குக் கோடுகள் வழியாகத்தான். அந்தப் பெண் திரும்பிப் பார்க்கும்போது நம்மையே பார்க்கிறாள். கொலை முடிந்து பெயர்கள் ஓடும்போது அதே காட்சி மார்க்கின் அறையில் கறுப்பு வெள்ளையில் மறுபடி ஓடுகிறது. இரண்டாம் முறை, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் அவனுடைய முதுகுக்குப் பின்னால் நாம் உட்கார்ந்திருக்கிறோம். கொலைகாரன் யார் என்ற மர்மத்தை முதல் நிமிடங்களிலேயே கொடுத்துவிட்டு, பார்ப்பவன் யார் என்ற கேள்வியை மட்டும் பவல் மிச்சம் வைக்கிறார்.

ஒளிப்பதிவாளர் ஆட்டோ ஹெல்லர் ஈஸ்ட்மன்கலரில் கொண்டுவந்த அடர்த்தியான நிறங்களுக்கு எதிரே மார்க்கின் படச்சுருள்கள் வெளிறிக் கிடக்கின்றன. பிரையன் ஈஸ்டேலின் இசையில் தனிப் பியானோவே மேலோங்குகிறது. மௌனப்பட அரங்கில் திரைக்கு அருகே அமர்ந்து ஒருவர் வாசிக்கும் பியானோ அது. மார்க் தன் படங்களை ஓட்டும்போது ஒலிப்பதால், அவனுடைய தனியறை ஓர் அரங்காகிவிடுகிறது. நாம் அதில் நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள்.

நடிகர் தேர்வில் ஒரு குறை உண்டு. லண்டனில் பிறந்து வளர்ந்ததாகச் சொல்லப்படும் மார்க், கார்ல்ஹைன்ஸ் போமின் ஜெர்மன் உச்சரிப்பில் பேசுகிறான். படம் அதற்குக் காரணம் சொல்வதில்லை. ஆனாலும் 'சிஸ்ஸி' படங்களில் இளம் பேரரசராக வந்த அந்த மென்மையான முகமும், தந்தையின் வீட்டிலேயே அந்நியனாக நடமாடும் கூச்சமும் வேறு நடிகரிடம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

வாதத்தின் மையம் தந்தை எடுத்த வீட்டுப் படங்களில் இருக்கிறது. இரவில் ஒளியைப் பாய்ச்சிச் சிறுவனை எழுப்புகிறார்கள். படுக்கையில் பல்லி விழுகிறது. இறந்த தாயின் கட்டிலருகே அவன் நிறுத்தப்படுகிறான். பிறகு பரிசாக ஒரு கேமரா. அந்தத் தந்தையாக நடித்தவர் பவல். சிறுவன் அவருடைய சொந்த மகன் கொலம்பா. மார்க்கின் வீட்டு முகப்பாகக் காட்டப்படுவது பவல் குடியிருந்த அதே மெல்பரி ரோட்டில் உள்ள ஒரு கட்டடம். மகனை அச்சுறுத்திப் படமெடுக்கும் தந்தையைக் காட்ட, ஒரு தந்தை தம் மகனை நிறுத்திப் படமெடுத்தார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். தந்தையாக வருபவர் பவல் என்பது 1960இல் அரங்கில் இருந்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வாழ்க்கைச் செய்தியை வைத்துப் படத்தின் பொருளை நிறுவலாமா? நியாயமான கேள்விதான். ஆனால் படமே வெளிப்படையான அடையாளங்களைத் தருகிறது. அந்த இலக்குப் பலகை, பவலும் எமெரிக் பிரஸ்பர்கரும் நடத்திய 'ஆர்ச்சர்ஸ்' நிறுவனத்தின் முத்திரையை நினைவூட்டுவது. மார்க் ஃபோகஸ் புல்லராக ஒரு பிரிட்டிஷ் ஸ்டுடியோவில் வேலை செய்கிறான். ஒரு கொலை அந்தப் படப்பிடிப்புத் தளத்திலேயே நடக்கிறது. அங்கே ஒளிப்பதிவுக்கு முன் நட்சத்திரத்தின் இடத்தில் நிற்கும் துணைநடிகையாக வந்து, ஆடி, கொலையாகிறவர் மொய்ரா ஷியரர். 'த ரெட் ஷூஸ்' படத்தின் நாயகியை ஆங்கிலேய ரசிகர் மறந்திருக்க முடியாது. அந்த ஸ்டுடியோ இயக்குநராக வருபவர் எஸ்மண்ட் நைட். 1941இல் 'பிஸ்மார்க்' கப்பலோடு நடந்த கடற்போரில் பார்வையிழந்து, பின்னர் ஓரளவே திரும்பப் பெற்றவர். கண் சரியாகத் தெரியாத ஒருவரைப் பவல் இயக்குநர் நாற்காலியில் உட்காரவைத்தார். மறுபுறம், மார்க்கை உடனே புரிந்துகொள்ளும் ஒரே பாத்திரம் பார்வையற்ற திருமதி ஸ்டீபன்ஸ்.

சில வாரங்கள் கழித்து வந்த 'சைக்கோ'வோடு இதை ஒப்பிடுவது வழக்கம். ஹிட்ச்காக் விமர்சகர்களுக்கு முன்காட்சி தர மறுத்தார்; அது வியாபாரத் தந்திரம். கலை சார்ந்த வேறுபாடு இன்னொன்று: 'சைக்கோ' கொலைக்குக் காரணம் சொல்ல இறுதியில் ஒரு மருத்துவரை அழைக்கிறது, பார்வையாளர் நிம்மதியாக வெளியேறலாம். 'பீப்பிங் டாம்' படத்தில் குற்றம் கேமராவிலிருந்து விலகுவதே இல்லை. கேமரா முக்காலியின் காலில் கத்தி; சாகிறவளுக்கு அவள் முகத்தையே காட்ட ஒரு கண்ணாடி. படமெடுக்கும் கருவியே கொலைக்கருவி. பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கும் விமர்சகர்கள் இதைக் கண்டு கொதித்ததில் வியப்பில்லை. அவர்கள் படத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தங்கள் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டை அவர்கள் கேட்டார்கள், தீர்ப்பில்தான் தவறினார்கள்.

பவலைப் போற்றும் எழுத்துகள் தயங்கும் இடம் ஒன்று மிச்சமிருக்கிறது. அந்தக் கறுப்பு வெள்ளைக் காட்சிகளில் கொலம்பாவின் முகத்தில் தெரிவது நடிப்பா, அச்சமா என்று சட்டகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. குழந்தைகளை வைத்துப் படமெடுக்கும் எல்லா இயக்குநர்களுக்கும் உரிய கேள்வி இது. திரைப்படக் கல்லூரிகளில் 'பீப்பிங் டாம்' படத்தைப் பாடமாக நடத்துகிறவர்கள் நியூமன் பாசேஜ் காட்சியின் தொழில்நுட்பத்தோடு நிறுத்திவிடாமல், அந்த வீட்டுப் படங்களையும் ஓட்டிக்காட்டி மாணவர்களை விவாதிக்க வைக்க வேண்டும்.