கலமாவில் ஆலங்கட்டி

கி.பி. 408, ஜூன் 1. இன்று அல்ஜீரியாவில் கெல்மா என்று வழங்கும் கலமா நகரில் பழைய தெய்வங்களுக்குத் திருவிழா. இத்தகைய விழாக்களைத் தடைசெய்து பேரரசர் ஹொனோரியஸின் சட்டம் வந்து அதிக நாளாகவில்லை. ஆடிவந்த கூட்டம் வேண்டுமென்றே தேவாலய வாசல் வழியாகப் போயிற்று. குருமார் தடுத்தார்கள், கல் விழுந்தது. எட்டு நாள் கழித்து மறுபடியும் கல். அடுத்து ஆலங்கட்டி மழை. அது ஓய்ந்ததும் மூன்றாம் முறையாகக் கல், தீ, ஒரு கொலை. ஆயர் பொசிடியஸ் ஓர் இடுக்கில் ஒடுங்கிக் கிடந்து, தம்மைத் தேடுகிறவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊர்ப் பெரியவர்கள் எவரும் குறுக்கே வரவில்லை. சிலரைக் காப்பாற்றியவன் ஒரு வெளியூர்க்காரன்.

இவ்வளவும் ஹிப்போ ஆயர் அகஸ்டின் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. எறிந்த கல்லுக்கு வானம் திருப்பித் தந்ததாகவே அவர் அந்த ஆலங்கட்டியைப் பார்க்கிறார். ஆனால் வானத்தின் தீர்ப்பு அத்தோடு நின்றுவிட்டது. மிச்சம் மனிதர் கையில். கல் ஊராரிடம் இருந்தது என்றால் சட்டம் சபையிடம் இருந்தது. பகைமை சூழ்ந்த பண்பாட்டில் கிறிஸ்தவம் என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டாம் பாதியைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

கடிதம் நெக்டேரியஸுக்கு எழுதியது. கிழவர், பழைய சமயத்தவர், தன் ஊர்மேல் பிரியம் கொண்டவர். ஊராருக்கு இரக்கம் கேட்டு எழுதியிருந்தார். அகஸ்டினின் பதில் தெளிவானது. உயிரும் வேண்டாம், சித்திரவதையும் வேண்டாம். உயிர் இருக்கட்டும், பிழைக்க வழியும் இருக்கட்டும். கெட்டு நடக்க உதவுகிற மிகைச் செல்வம் மட்டும் போகட்டும். ரோமானியத் தண்டனைகளை அறிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல என்று தெரியும்.

ஏறத்தாழ எட்டு மாதம் கழித்து, 409 மார்ச்சில், நெக்டேரியஸின் மறுமொழி வந்தது. சாவு எல்லாத் துன்பத்தையும் முடித்துவிடுகிறது; வறுமையோ முடிவதில்லை, ஆகவே அதுதான் பெரிய தண்டனை என்கிறார். ஜப்தி நோட்டீஸ் அனுப்பும் வேலையும் பார்க்கிற வங்கி குமாஸ்தா நான். இந்த வரியைத் தாண்டிப் போக எனக்குச் சில நாட்கள் ஆயின.

குற்றங்கள் எல்லாம் சமம், ஆகவே மன்னிப்பும் சமம் என்று அவர் சேர்த்துக்கொண்டதுதான் பிசகு. அகஸ்டின் விடுவாரா? அது ஸ்டோயிக்குகளின் வாதம், அவர்களுக்கோ இரக்கமே ஒரு குறை என்று மடக்கிவிடுகிறார். சாவோடு துன்பம் முடியும் என்பதையும் மறுக்கிறார். அவருடைய நரகத்துக்கு முடிவில்லை. வறுமைக்கு அவர் தரும் விடை கலப்பை பிடித்த சின்சின்னாட்டஸ். வாதத்தில் அவருக்கே ஜெயம். ஆனால் இரக்கத்தின் அளவை, இரக்கம் காட்டுகிறவனே குறிக்கிறான் என்பது அகஸ்டினுக்கு உறுத்தியதாகத் தெரியவில்லை.

430இல் வாண்டல்கள் ஹிப்போவை முற்றுகையிட்டபோது பொசிடியஸ் அங்கே அடைக்கலம் புகுந்திருந்தார். அகஸ்டினின் வாழ்க்கையை எழுதியவரும் அவரே. தாவீதின் பாவமன்னிப்புச் சங்கீதங்களைச் சுவரில் மாட்டச் சொல்லி, படுத்தபடியே படித்து அழுதார் அகஸ்டின் என்கிறார். உயில் எழுதவில்லையாம், எழுதிவைக்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.